தட்டுப்படம் (புள்ளியியல்)

தட்டுப்படம் என்பது ஒரு படிநிலைப் புள்ளியியல் மாதிரியில் எந்த மாறி எதைச் சார்ந்துள்ளது என்பதை வட்டங்கள், அம்புகள், சட்டங்கள் ஆகியவற்றால் காட்டும் வரைபடம் ஆகும். மாறிகளின் தொடர்பை அம்புகளால் காட்டும் முறையை மரபியலாளர் சீவால் ரைட் 1920களிலேயே பயன்படுத்தினார்.

குறியீடுகள்

- நிழலிட்ட வட்டம்: தரவாகக் கிடைத்த மாறி.
- வெற்று வட்டம்: மதிப்பிடப்பட வேண்டிய மாறி.
- அம்பு: அடியிலுள்ள மாறியைப் பொறுத்தே முனையிலுள்ள மாறியின் நிகழ்தகவுப் பரவல் அமைகிறது.
- தட்டு: உள்ளிருப்பவை மீள்வதைக் குறிக்கும் செவ்வகச் சட்டம். எத்தனை முறை என்பது அதன் மூலையில் எழுதப்படும்.

எடுத்துக்காட்டு: எட்டுப் பள்ளிகள்

அமெரிக்காவில் எட்டுப் பள்ளிகளில் எஸ்.ஏ.டி. தேர்வுக்கான சிறப்புப் பயிற்சி மதிப்பெண்ணை எவ்வளவு உயர்த்தியது என்பதை டொனால்டு ரூபின் 1981இல் ஆராய்ந்தார். இதன் படத்தில், தட்டுக்கு வெளியே மேற்புறம் இரண்டு வெற்று வட்டங்கள் உள்ளன: பொதுச் சராசரி விளைவு, பள்ளிகளுக்கிடையிலான வேறுபாட்டின் அளவு. இவற்றிலிருந்து வரும் அம்புகள், தட்டுக்குள் உள்ள 'பள்ளியின் உண்மை விளைவு' என்னும் வெற்று வட்டத்தை அடைகின்றன. அங்கிருந்து ஓர் அம்பு 'கண்டறிந்த விளைவு' என்னும் நிழலிட்ட வட்டத்துக்குச் செல்கிறது. தட்டின் மூலையில் 8 என்று இருக்கும்.

முதல் பள்ளியில் கண்டறிந்த விளைவு 28 புள்ளிகள். அதன் திட்டப் பிழை 15. இதை எவ்வளவு நம்பலாம் என்பது படத்தின் அமைப்பைப் பொறுத்தது.

- மேலுள்ள இரு வட்டங்களையும் நீக்கினால் ஒவ்வொரு பள்ளியும் தனித்து நிற்கும். மதிப்பீடு 28 ஆகவே இருக்கும்.
- எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே உண்மை விளைவு எனக் கொண்டால், அந்த வட்டம் தட்டுக்கு வெளியே வரும். மதிப்பீடு ஏறத்தாழ 8 ஆகும்.
- படிநிலைப் படத்தில் மதிப்பீடு இவற்றுக்கு இடையில், ஏறத்தாழ 10 ஆக அமைகிறது.

அம்புகள் கீழ்நோக்கி இருந்தாலும், தரவு தரும் தகவல் மேல்நோக்கியும் செல்லும். மற்ற ஏழு பள்ளிகளின் தரவு பொது வட்டங்களின் வழியாக முதல் பள்ளியின் மதிப்பீட்டைக் கீழே இழுக்கிறது. தரவு மாறவில்லை, வட்டங்களின் இடம் மட்டுமே மாறியது.

வரம்புகள்

பரவல் இயல்நிலைப் பரவலா, வேறொன்றா என்பதைத் தட்டுப்படம் சொல்லாது. ஜான் குருஷ்கேயின் படங்களில் ஒவ்வொரு பரவலின் வடிவமும் சிறு ஓவியமாக வரையப்படுவதால் இக்குறை நீங்குகிறது. மேலும், இல்லாத அம்பும் ஓர் எடுகோளே. இரு பள்ளிகளுக்கிடையே அம்பு இல்லையெனில், பொது அளவுகள் தெரிந்தபின் ஒன்று மற்றதைப் பற்றி எதுவும் சொல்லாது என்பது பொருள். படத்தைப் படிப்பவர் முதலில் ஐயுற வேண்டியது அந்த எடுகோளையே.