ஐந்து பக்கப் பாரம்

‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ 33-வது இதழும், ஸ்டீவ் டிட்கோ என்ற ஓவியரின் துணிச்சலும்

தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏமாற்றம் நன்றாகத் தெரியும். போன வாரம் நாயகன் மலை விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருப்பான். ஏழு நாள் தவித்துக் காத்திருந்து புத்தகத்தைப் பிரித்தால், முதல் பத்தியிலேயே ஒரு கொடி கைக்குச் சிக்கி மேலே ஏறியிருப்பான். ஆபத்தைக் காட்டி நம்மைக் காக்க வைப்பார்கள். அதிலிருந்து மீளும் பாட்டை மட்டும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸிலும் இதுதான் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தை உடைத்த இதழ், 1966 பிப்ரவரி என்று தேதியிட்டு மார்வெல் நிறுவனம் வெளியிட்ட ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ 33. விலை 12 சென்ட். கதைக்கு 20 பக்கங்கள். அதில் முதல் ஐந்து பக்கங்கள், அதாவது கதையில் கால்வாசி, ஒரே ஒரு செயலுக்கு ஒதுக்கப்பட்டன. இடிந்து விழுந்த இயந்திரத்தின் அடியில் சிக்கிய ஒருவன் அதைத் தூக்குகிறான். அவ்வளவுதான் சம்பவம். அறுபது ஆண்டுகளாகியும் காமிக்ஸ் ஓவியர்கள் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கும் பக்கங்கள் அவை.

(லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழில் புகழ்பெற்ற ‘ஸ்பைடர்’ இவனல்ல. அவன் பிரிட்டிஷ் காமிக்ஸில் குற்றவாளியாக அறிமுகமானவன். இது நியூயார்க்கின் பீட்டர் பார்க்கர் கதை.)

மருந்துக்கு ஒரு ஓட்டம்

இது மூன்று இதழ்களாக நீண்ட கதையின் கடைசிப் பகுதி. 31-வது இதழில் பீட்டர் கல்லூரியில் சேர்கிறான். அதே நேரத்தில் அவனை வளர்த்த மே பெரியம்மா மருத்துவமனையில் படுத்துவிடுகிறார். கவலையில் மூழ்கிய பீட்டர் வகுப்பில் யார் பேசினாலும் காதில் வாங்காமல் நடக்கிறான். சக மாணவர்களான க்வென் ஸ்டேசி, ஹாரி ஆஸ்பர்ன் இருவரும் அறிமுகமாவது இந்த இதழில்தான். புதிதாக வந்த பையனுக்கு எவ்வளவு திமிர் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

நோய்க்கான காரணம் தெரியும்போது பீட்டருக்குத் தலையில் இடி. பெரியம்மாவின் ரத்தத்தில் கதிரியக்கம் கலந்திருக்கிறது. அது வேறெங்கிருந்தும் வரவில்லை, அவன் உடம்பிலிருந்துதான் வந்தது. முன்பொரு முறை, 10-வது இதழில், பெரியம்மாவுக்கு அவன் ரத்தம் கொடுத்திருந்தான். கதிரியக்கச் சிலந்தி கடித்து அவனுக்குச் சக்தி தந்த அதே ரத்தம் இப்போது அவரைக் கொல்கிறது. காப்பாற்றக் கொடுத்ததே விஷமாகிவிட்டது.

பெரியப்பா பென் இறந்ததற்கும் தான்தான் காரணம் என்று ஏற்கெனவே குமைந்துகொண்டிருப்பவன் பீட்டர். 1962-ல் வந்த முதல் கதையில், தன் கண்ணெதிரே ஓடிய திருடனை ‘எனக்கென்ன’ என்று விட்டுவிட்டான். அந்தத் திருடன்தான் பின்னர் பென்னைச் சுட்டுக் கொன்றான். இப்போது மிச்சமிருக்கும் ஒரே உறவும் தன்னாலேயே போகப் போகிறது என்ற எண்ணம்தான் இந்த மூன்று இதழ்களையும் உந்தித் தள்ளுகிறது.

டாக்டர் கர்ட் கானர்ஸ் என்ற விஞ்ஞானி, ஐஎஸ்ஓ-36 என்ற அரிய மருந்தால் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது என்கிறார். அதை வரவழைக்கப் பணம் வேண்டும். பீட்டர் தன் ஆய்வுக் கருவிகளை அடகு வைக்கிறான். நகரத்துக் கட்டடங்களின் மேல் பறந்து திரியும் ஒருவன் அடகுக்கடை வாசலில் நிற்பது போன்ற காட்சிகள்தாம் இந்தத் தொடரை மற்ற சூப்பர்ஹீரோ கதைகளிலிருந்து பிரித்துக் காட்டின. ஆனால் மருந்து வந்து சேரும் முன் ‘மாஸ்டர் பிளானர்’ என்ற மர்ம மனிதனின் ஆட்கள் அதைப் பறித்துவிடுகிறார்கள். மாஸ்டர் பிளானர் வேறு யாருமல்ல, பழைய எதிரி டாக்டர் ஆக்டோபஸ்தான். நீருக்கடியில் இருக்கும் அவனது கோட்டைக்குள் ஸ்பைடர்மேன் புகுகிறான். அவன் ஆவேசத்தைக் கண்டு ஆக்டோபஸே பின்வாங்குகிறான். சண்டையில் கோட்டை இடிந்து, ராட்சத இயந்திரம் ஒன்று ஸ்பைடர்மேன் மேல் விழுகிறது. மருந்துக் குப்பி எதிரே தரையில் கிடக்கிறது. கை எட்டவில்லை. மேற்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்குகிறது. 32-வது இதழ் இங்கே முடிகிறது.

அந்த ஐந்து பக்கங்கள்

33-ஐத் திறந்தால் கொடி எதுவும் கைக்குக் கிடைப்பதில்லை. காப்பாற்ற நண்பர்கள் வரவில்லை. பையிலிருந்து புதுக் கருவி எதுவும் முளைக்கவில்லை. மேலே இரும்பு, எதிரே மருந்து, நடுவே குனிந்து கிடக்கும் ஓர் உடல்.

டிட்கோ செய்ததை ஒவ்வொரு கட்டமாகக் கவனிக்க வேண்டும். ஸ்பைடர்மேனின் முகமூடி முகம் முழுவதையும் மறைப்பது. கண்ணிமை தெரியாது, உதடு தெரியாது. வேதனையைக் காட்ட ஓவியருக்கு வழக்கமாகக் கிடைக்கும் வசதி எதுவும் இங்கே இல்லை. அத்தனையையும் அவர் முதுகுக்கும் தோளுக்கும் விரல்களுக்கும் கொடுத்துவிடுகிறார். முதல் முயற்சியில் கழுத்து தொய்கிறது. தரையில் ஊன்றிய உள்ளங்கை துவள்கிறது. முகமே தெரியாத ஒருவன் நம்பிக்கை இழப்பதை ஒரு தோள்பட்டையின் சரிவில் படித்துவிட முடிகிறது. மனித உடலை எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தால் இப்படி வரைய வந்திருக்கும்!

பெரியம்மா, பெரியப்பா முகங்கள் அவன் நினைவில் எழுகின்றன. ஒருவரைக் கைவிட்டாயிற்று, இன்னொருவரையும் கைவிடப் போகிறேனா என்ற கேள்விதான் அவனை அசைக்கிறது. மறுபடி முயல்கிறான். அங்கிருந்து பக்க அமைப்பு மாறுகிறது. தொடக்கத்தில் சிறுசிறு கட்டங்களுக்குள் நெருக்கப்பட்டிருந்த உருவம், இயந்திரம் அங்குலம் அங்குலமாக எழ எழ, பெரிய கட்டங்களுக்கு வருகிறது. இரும்பு உயரும் அளவுக்குக் கட்டமும் உயர்கிறது. ஐந்தாம் பக்கத்தில் கட்டங்களே இல்லை. பக்கம் முழுக்க ஒரே ஓவியம். கால்கள் ஊன்றி, கைகள் மேலே விரிந்து, தண்ணீர் கொட்ட, இயந்திரம் அவனைவிட்டு விலகுகிறது.

படிப்பவர் அறியாமலே அவர் உடம்பும் இதில் பங்கேற்கிறது. சின்னக் கட்டங்களில் நமக்கும் மூச்சு முட்டுகிறது. முழுப் பக்கம் வந்ததும் நாமும் மூச்சு விடுகிறோம். திரைப்படத்தில் இசையும் படத்தொகுப்பும் சேர்ந்து செய்வதை, மலிவான காகிதத்தில் கட்டங்களின் அளவை மட்டும் மாற்றி டிட்கோ செய்துகாட்டினார். ஒரே பக்கத்தில் சின்னக் கட்டத்தையும் பெரிய கட்டத்தையும் சேர்ந்தாற்போல் கண்ணால் அளக்க முடிவது காமிக்ஸில்தான். அந்த வசதியை இவ்வளவு முழுமையாகப் பயன்படுத்திய பக்கங்கள் அந்தக் கால சூப்பர்ஹீரோ இதழ்களில் வெகு குறைவு.

யார் எழுதிய கதை?

இந்த இதழின் பெருமையைப் பேசும்போது எழுத்தாளர் ஸ்டான் லீயின் பெயர்தான் பலருக்கு முதலில் வரும். மார்வெல் படங்களில் தலைகாட்டி உலகம் முழுக்க அறிமுகமானவர் அவர். ஆனால் அந்த நாளில் மார்வெலில் வேலை நடந்த முறையைத் தெரிந்துகொண்டால் கணக்கு மாறும். அங்கே எழுத்தாளர் முழு வசனப் பிரதியை எழுதி ஓவியரிடம் கொடுப்பதில்லை. கதைச் சுருக்கத்தைப் பேசி முடிவு செய்வார்கள். ஓவியர் அதைக் காட்சிகளாகப் பிரித்து, எந்தச் சம்பவத்துக்கு எத்தனை பக்கம், எந்தக் கட்டம் எவ்வளவு பெரிது என்று தானே தீர்மானித்து இதழ் முழுவதையும் வரைவார். வசனம் அதன் பிறகுதான் வந்து உட்காரும்.

ஸ்பைடர்மேனில் இது இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. 1965-ன் நடுவிலிருந்து கதைப்பின்னலும் டிட்கோவுடையது என்று இதழிலேயே அச்சிட்டார்கள். லீக்கும் அவருக்கும் இடையே நேர்ப் பேச்சு நின்றுபோயிருந்த காலமும் அதுதான். டிட்கோ வரைந்து முடித்த பக்கங்கள் அலுவலகத்துக்கு வரும். லீ அவற்றைப் பார்த்து வசனம் எழுதுவார். ஆக, ஒரு பாரத்தைத் தூக்க ஐந்து பக்கம் வேண்டும் என்று முடிவெடுத்தவர் டிட்கோ. லீயின் பங்கு சிறியதல்ல. பீட்டரின் மனக்குரலை ஒரு பிரார்த்தனைபோல் ஏறி இறங்கும் தாளத்தில் எழுதியவர் அவர். இந்தக் காட்சியை டிட்கோ விரித்த விதத்தைப் பின்னாளில் மனம் திறந்து பாராட்டியவரும் அவரே. ஆனாலும் இந்தப் பக்கங்களின் எலும்பும் நரம்பும் ஓவியருடையவை.

ஸ்டீவ் டிட்கோ 1927-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஜான்ஸ்டவுனில் பிறந்தவர். நியூயார்க்கில் பேட்மேன் ஓவியர் ஜெர்ரி ராபின்சனிடம் பயின்றார். ஸ்பைடர்மேனின் உடையும், விரல்களை உள்ளங்கையில் மடக்கி வலை வீசும் அந்த விரல் முத்திரையும், பாதி பீட்டர் பாதி முகமூடி என்று இரண்டாகப் பிளந்த முகமும் அவர் கையிலிருந்து வந்தவை. டாக்டர் ஸ்ட்ரேஞ்சும் அவர் படைப்பு. 1966 ஜூலை தேதியிட்ட 38-வது இதழோடு ஸ்பைடர்மேனை விட்டு விலகினார். அதாவது, 33-க்குப் பிறகு அவர் வரைந்தது ஐந்தே இதழ்கள்.

பேட்டி தருவதில்லை என்பதை விரதமாகவே வைத்திருந்தார். என்னைப் பற்றி அறிய என் வேலையைப் பாருங்கள் என்பதே அவர் நிலைப்பாடு. 2007-ல் பிபிசி தொலைக்காட்சிக்காக அவரைத் தேடிச் சென்ற ஜோனதன் ராஸையும் கேமரா இல்லாமல்தான் சந்தித்தார். ஸ்பைடர்மேன் படங்கள் கோடிக்கணக்கான டாலர்களைக் குவித்துக்கொண்டிருந்தபோது, அதே மன்ஹாட்டனில் ஒரு சிறிய அறையில் தன் மேசையில் குனிந்து வரைந்துகொண்டிருந்தார். 2018 ஜூனில், 90-வது வயதில், நியூயார்க்கில் தன் குடியிருப்பில் இறந்துகிடந்தது தெரியவந்தது.

தூக்கிய பிறகு

இயந்திரம் விலகியதும் கதை வெற்றிக் கொண்டாட்டத்தில் இறங்குவதில்லை. இதுவும் இந்த இதழின் நேர்மை. உடம்பெல்லாம் காயம். வெள்ளம் புரட்டிப் போடுகிறது. எதிரே நிற்கும் அடியாட்களைத் தள்ளாடிய நிலையிலேயே சமாளித்து வெளியேறுகிறான். மருந்தைக் கானர்ஸிடம் சேர்க்கிறான். பிறகு, அடகு வைத்தவன் அல்லவா, சம்பவ இடத்தில் எடுத்த புகைப்படங்களை விற்க ‘டெய்லி பியூகிள்’ பத்திரிகை அலுவலகம் போகிறான். அடிபட்டு வீங்கிய அவன் முகத்தைப் பார்த்துக் காதலி பெட்டி பிரான்ட் மிரண்டுபோகிறாள். அபாயத்தில் வாழும் ஒருவனோடு சேர்ந்திருக்க முடியாது என்ற அச்சம் அவளுக்கு. ஓர் உயிரை மீட்டு வந்த நாளிலேயே ஓர் உறவு அவன் கையைவிட்டு நழுவுகிறது.

மே பெரியம்மா பிழைத்துக்கொள்கிறார். யாரால் பிழைத்தோம் என்பது அவருக்குத் தெரியாது. ஊர் உலகத்துக்கும் தெரியாது. நகரத்தையோ நாட்டையோ காப்பாற்றும் கதையல்ல இது. வயதான ஒரு பெண்மணிக்கு ஒரு குப்பி மருந்து கொண்டு சேர்க்கும் கதை. நோயாளியை வைத்துக்கொண்டு மருந்துக்கும் பணத்துக்கும் அலைந்த அனுபவம் எந்த நாட்டுக் குடும்பத்துக்கும் புதிதல்ல. அதனால்தான் சிலந்தி மனிதனின் வலிமை இங்கே நம்பும்படியாக இருக்கிறது. சிலந்தி கடித்ததால் வந்த சக்தி முதல் முயற்சியிலேயே தோற்றுவிடுகிறது. இரண்டாவது முறை தூக்கியது கடமை.

2017-ல் வந்த ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ படத்தில் இடிபாடுகளுக்குள் டாம் ஹாலண்ட் சிக்கிக் கதறும் காட்சி இந்த இதழுக்குச் செலுத்திய நேரடி வணக்கம். தரையில் தேங்கிய தண்ணீரில் அவன் முகமும் முகமூடியும் பாதிப் பாதியாகத் தெரியுமே, அதுவும் டிட்கோ வரைந்த முகம்தான். படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். அதன் வேர் எங்கே என்பது பலருக்குத் தெரியாது.

ஆயிரக்கணக்கான ஸ்பைடர்மேன் இதழ்கள் வந்துவிட்டன. பிரபஞ்சங்களே மோதும் கதைகளும் அவற்றில் உண்டு. ஆனாலும் என் கணக்கில் இதற்கு மேல் ஒன்று இல்லை. நாயகன் எத்தனை பேரை அடித்தான் என்பதைவிட எதைச் சுமந்தான் என்பதே பெரிது என்று, பிரசங்கம் செய்யாமல் கோட்டிலேயே நிறுவிக் காட்டிய இதழ் இது. பழைய ஸ்பைடர்மேன் கதைகளின் தொகுப்பு நூல்களில் இன்றும் கிடைக்கிறது. கையில் கிடைத்தால் ஒன்று செய்யுங்கள். முதல் ஐந்து பக்கங்களின் வசனத்தை முதலில் படிக்காதீர்கள். படங்களை மட்டும் வரிசையாகப் பார்த்துவிட்டு, பிறகு வசனத்தோடு படியுங்கள். வீட்டில் படம் வரையும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வரைந்தவரின் பெயர் ஸ்டீவ் டிட்கோ என்பதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.