பசை பூசிய துணி

சென்ற கோடை விடுமுறையில், பெங்களூர் அல்சூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேரை உட்காரவைத்து, டக்ட் டேப்பினால் பணப்பை செய்யக் கற்றுக்கொடுக்க நான் முற்பட்டபொழுது, ஒரு சிறுமி, "அங்கிள், இது வெறும் பிளாஸ்டிக்தானே?" என்று கேட்டாள். நான் விடை கூறாமல் ஒரு சாண் துண்டை அவளிடம் கொடுத்துக் கிழிக்கச் சொன்னேன். இரு கட்டைவிரல்களையும் ஓரத்தில் சேர்த்துவைத்து அவள் வெடுக்கென்று இழுத்ததும், நாடா குறுக்கே நேராகக் கிழிந்து, வெள்ளை நூலிழைகள் வெளியே தலைகாட்டின.

மேலே நீர் புகாத பாலித்தீன், அடியில் ரப்பர் பசை, இரண்டுக்கும் நடுவே சல்லாத்துணி என மூன்று அடுக்காக அமைந்த இந்த வஸ்துவின் ரகசியமெல்லாம் அந்த நெசவில்தான் இருக்கிறது. நீளவாக்கில் இழுத்தால் பாவு நூல்கள் அனைத்தும் ஒருசேரப் பாரத்தைத் தாங்குகின்றன, குறுக்கே கிழித்தாலோ ஒவ்வொன்றாக அறுந்து வழிவிடுகின்றன. (நூலே இல்லாத பி.வி.சி. நாடாவும் இதே பெயரில் விற்கப்படுவதால், கடைக்கு வாங்கப் போகிறவர்கள் ஓரத்தைக் கவனித்து வாங்குவது உத்தமம்.)

இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது, அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து வெடிமருந்துச் சாலையில் வேலைபார்த்த வெஸ்டா ஸ்டவுட் என்னும் அம்மாள், தோட்டாப் பெட்டிகளின் காகித நாடா நுனி இழுத்தவுடன் பிய்ந்துவிடுவதைக் கண்டு, கடற்படையில் இருந்த தம் புதல்வர் இருவரையும் நினைத்துக் கலங்கி, துணி நாடா வேண்டுமென்று 1943இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி அந்தத் துணி நாடாவைத் தயாரித்தது. 1972இல் அப்போலோ 17 யாத்திரிகர்கள், சந்திரனில் ஓட்டிய வண்டியின் உடைந்த மட்கார்டுக்குப் பதிலாக வரைபடத் தாள்களை இதனால் ஒட்டியே சேர்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், டக்ட் என்பது காற்றுக்குழாயைக் குறித்தாலும், வெப்பக் காற்றோடும் குழாயில் இது நெடுநாள் நிலைப்பதில்லை.

பணப்பைக்கு, வழவழப்பான பலகையில் நாடாத் துண்டுகளைக் கால் அங்குலம் ஒன்றன்மேலொன்று ஏறும்படி ஒட்டி விரிப்பாக்கி, அதேபோன்ற இன்னொரு விரிப்பைப் பசையோடு பசை சேரப் படியவைக்க வேண்டும். இங்கேதான் பிராணாவஸ்தை! பசையும் பசையும் தொட்டபின் பிரிக்கவே முடியாது. ஆகையால் ஒருவர் ஓரத்தைப் பிடிக்க, மற்றவர் உள்ளங்கையால் சிறுகச் சிறுகத் தடவிக்கொண்டே வரவேண்டும். கத்தரிக்கோலில் ஏறிய பசைக்குத் தேங்காயெண்ணெய் போதும்.

ஒரு பையன் உள்மடிப்பில் விரலகலத்துக்குப் பசையை மூடாமல் விட்டுவிட்டு, பெருமையோடு பத்து ரூபாய் நோட்டு ஒன்றை அதனுள் செருகினான். நோட்டு வெளியே வரவேயில்லை. பையோடு அதையும் வீட்டுக்குக் கொண்டுபோனான்.