சுருள்முடியும் சூடும்

கோவில்பட்டியின் வறண்ட கரிசல் காற்றில், ஸ்ட்ரெய்ட்னரால் நேராக்கிய சுருள்முடி வெகுநேரம் அப்படியே நிற்கும். தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போனால் விரைவில் சுருண்டுவிடும். ஏன் தெரியுமா?

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. சூடு அதன் ஹைட்ரஜன் பிணைப்புகளை அவிழ்க்கிறது; ஆறும்போது அவை புதிய வடிவில் பிணைகின்றன. காற்றின் ஈரம் அவற்றை மறுபடி அவிழ்க்கும். முடியின் இந்தக் குணத்தைக் கொண்டே சோசூர் என்ற சுவிஸ் அறிஞர் ஈரமானி செய்தார். 1783-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார்.

ஈரமுடியில் மட்டும் ஸ்ட்ரெய்ட்னரை வைத்துவிடாதீர்கள். உள்ளிருக்கும் நீர் கொதித்து ஆவியாகிக் குமிழிடும். முடி அங்கேதான் ஒடியும். 200 டிகிரி செல்சியசுக்கு மேல் கெரட்டினே சிதையும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளர்கிறது. இடுப்பைத் தொடும் முடியின் நுனிக்கு வயது ஐந்தாறு இருக்கும்! உயிரற்ற அந்த நுனி தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளாது. வளர்வதற்குச் சமமாக நுனி ஒடிந்தால் நீளம் எப்படிக் கூடும்?

ஆகவே நன்றாக உலர்த்திய முடியில், குறைந்த சூட்டில், ஒருமுறை இழுத்தால் போதும். உலர்த்துவதற்கு நம் கரிசல் காற்று இருக்கிறது. அதற்கு மின்சாரக் கட்டணமும் இல்லை.