வாத்தியாரம்மாவும் பனிப்பந்தும்

பிள்ளைகள் மட்டும் இருக்கும்போது வாத்தியாரம்மாவின் இங்கிலீஷ் கணீரென்று ஒலிக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியை வாசலில் வந்து நின்றாலோ, குரல் சட்டென்று கம்மிவிடும்! தப்பு வந்துவிடுமோ என்ற கூச்சம். பரீட்சைக்காகப் படித்துத் தேறியவர்கள்; பேசிப் பழகச் சந்தர்ப்பம் வாய்க்காதவர்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

இதற்காக முன்பே ஒரு பெரிய முயற்சி நடந்ததுண்டு. 1959-ஐ ஒட்டி, சென்னை ராஜ்யத்தில், பிரிட்டிஷ் கவுன்சிலின் ஒத்துழைப்புடன், இங்கிலீஷ் தொடங்கும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கத் திட்டமிட்டார்கள். அதற்கு வழங்கிய பெயர் 'மெட்ராஸ் பனிப்பந்து'. கொடைக்கானல் உறைபனியைத் தவிர வேறு பனியறியாத நம் திண்டுக்கல் பக்கத்தில் பனிப்பந்தாவது என்கிறீர்களா? பனிப்பந்து உருள உருளப் பெருக்கும் அல்லவா? அதுபோல முதலில் சிலருக்குப் பயிற்சி; அவர்கள் பலருக்கு; இப்படியே ராஜ்யம் முழுவதும்.

கற்றுக்கொடுத்த முறையும் நல்ல முறைதான். இலக்கண விதியை நெட்டுருப் போடாமல், புத்தகத்தைக் கையில் எடுத்து, "திஸ் இஸ் எ புக்" என்று சொல்லி, பிள்ளைகளையும் சொல்ல வைப்பது.

ஆனால் கைமாறி வரும் பயிற்சிக்கு ஒரு பலவீனம் உண்டு. முதல் டிகாக்ஷன் மணக்கும், இரண்டாவது சுமார், மூன்றாவது நிறம் மாறிய வெந்நீர்! பயிற்சி முகாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆளில்லாவிட்டால், பழைய வழக்கமே திரும்பிவிடும்.

என்.எஸ். பிரபு என்ற அறிஞர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் வேறு விதமாகச் செய்து பார்த்தார். ரயில் அட்டவணை, ஊர்ப் படம் போன்றவற்றைக் கொடுத்துப் பிள்ளைகளை யோசிக்க வைத்தார். திண்டுக்கல்லில் ஏறி எட்டு மணிக்குள் மதுரை சேர எந்த ரயில் சரி? விடை தேடும் அவசரத்தில் பாஷை தானாக வருகிறது. அவரே 1990-இல், எல்லாருக்கும் ஏற்ற ஒரே சிறந்த முறை என்று எதுவும் கிடையாது என்று எழுதினார். தாம் செய்வதை ஏன் செய்கிறோம் என்ற தெளிவு ஆசிரியருக்கு வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தத் தெளிவு பெற முகாமுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆசிரியைகள் கூட்டுச் சேர்ந்தால் போதும். வாரம் ஒரு நாள் பத்து நிமிஷம் ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்காரட்டும். வெளியே வந்ததும் முதலில், தாம் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி. மார்க்குப் போடக் கூடாது. சொந்தப் பாடத்தை ஐந்து நிமிஷம் செல்போனில் பதிவு செய்து கேட்கலாம். நாம் பேசியது எவ்வளவு, பிள்ளைகள் பேசியது எவ்வளவு என்பது தெரிந்து போகும்! உச்சரிப்புச் சந்தேகங்களை ஒரு நோட்டில் குறித்து, மாதம் ஒரு முறை நாலு பேர் கூடி அகராதி பார்க்கலாம். அன்று மாலை மட்டும் வீட்டிலுள்ளவர்கள் அடுப்படியைக் கவனித்துக்கொள்ளட்டும். குடி முழுகிப் போகாது!

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போனது. இருக்கட்டும். வகுப்பறைக் கதவுக்கு மட்டும் அது வேண்டாம். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்க்கும்போது குரல் கம்மாமல், "வாங்க டீச்சர், உட்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர முடிந்தால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.