ரோஸ்டரில் மறையும் பணியிடங்கள்: கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் அறிய வேண்டிய சட்டம்

பொறியியலிலும் அறிவியலிலும் முனைவர் பட்டம் பெற்று ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிக்கும் நமது மாணவர்கள், தமக்குரிய பணியிடம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை. இடஒதுக்கீடு அரசமைப்புச் சட்டத்தில் இருந்தாலும், அது கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் ரோஸ்டர் எனப்படும் சுழற்சிப் பதிவேட்டில்தான் முடிவாகிறது.

ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் 40 துறைகளும், துறைக்கு 5 உதவிப் பேராசிரியர் பணியிடங்களும் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 200 இடங்கள். பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டால் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காட்டின்படி 30 இடங்களும், பழங்குடியினருக்கு 7.5 விழுக்காட்டின்படி 15 இடங்களும் கிடைக்கும். ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொண்டால் நிலைமை வேறு. 13 புள்ளி ரோஸ்டரில் பட்டியல் சாதியினருக்கு 7ஆவது நியமனமும், பழங்குடியினருக்கு 14ஆவது நியமனமுமே உரியவை. ஐந்து இடங்கள் உள்ள துறையில் முதற்சுற்றில் இரு பிரிவினருக்கும் ஓரிடமும் இராது. இருப்பவர்கள் ஓய்வுபெறும் வரை காத்திருக்க வேண்டும்.

2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறையையே அலகாகக் கொள்ள வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அதனைச் செயல்படுத்தச் சுற்றறிக்கை அனுப்பியது. மத்திய அரசின் மேல்முறையீட்டை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் வீதிக்கு வந்தனர்; மார்ச் 5 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடைபெற்றது. இரண்டே நாளில் அவசரச் சட்டம் வந்தது; ஜூலையில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று.

மத்தியக் கல்வி நிறுவனங்கள் (ஆசிரியர் பணித்தொகுதியில் இடஒதுக்கீடு) சட்டம், 2019, நிறுவனம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்கிறது. பாடம் எதுவாயினும் ஒரே ஊதிய நிலையிலுள்ள ஆசிரியர் அனைவரும் ஒரே பணித்தொகுதி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற, அட்டவணையில் குறிக்கப்பட்ட சில நிறுவனங்களுக்கும் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் விலக்கு உண்டு. ஐ.ஐ.டி.கள் அந்த அட்டவணையில் இல்லை. எனவே தொழில்நுட்பத் துறைகளில் இடஒதுக்கீடு பொருந்தாது என்ற வாதத்திற்குச் சட்டத்தில் இடமில்லை.

சட்டம் வந்தபின்னும் "தகுதியானவர் எவருமில்லை" என்று அறிவித்து இடங்களைக் காலியாக வைக்கும் வழக்கம் தொடர்கிறது. விண்ணப்பித்தவர்கள் இதற்கு எதிராகச் செய்யக்கூடியவை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ரோஸ்டர் பதிவேட்டின் நகல், அனுமதிக்கப்பட்ட பணியிட எண்ணிக்கை, விண்ணப்பங்களை வடிகட்டிய அளவுகோல், தேர்வுக்குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்கலாம். மத்திய அரசு நிறுவனத்துக்குக் கட்டணம் 10 ரூபாய். விடைக்கான காலவரம்பு பொதுவாக 30 நாள். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் பொருந்தும் பல்கலைக்கழகமாயின், நமது பிரிவைச் சேர்ந்தவர் விண்ணப்பித்திருக்கையில் தேர்வுக்குழுவில் அப்பிரிவின் கல்வியாளர் இருந்தாரா என்றும் கேட்க வேண்டும். இந்த ஆவணங்கள் இன்றி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு வலுவாக நிற்பது கடினம்.

இச்சட்டத்தின் எல்லையையும் உணர வேண்டும். தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். அரசமைப்பின் 15(5)ஆம் உறுப்பு தனியார் நிறுவனங்களின் மாணவர் சேர்க்கையைத் தொடுகிறது. ஆசிரியர் நியமனத்தைத் தொடவில்லை. தொழில்நுட்பம் கற்பிக்கும் வேலைகள் மிகுதியாக உள்ள இடத்தில் நமக்கு உரிமை ஏதும் எழுதப்படவில்லை. 2019இல் வீதியில் பெற்றதைப் பதிவேட்டில் காப்பதோடு, தனியார் கல்லூரி நியமனங்களுக்கும் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையை மாணவர் அமைப்புகள் முன்னெடுக்க வேண்டும்.