குருதி சுற்றும் நெறி

உடலின் உறுப்புக்கள் எவ்விடத்தில், எவ்வடிவில் அமைந்துள்ளன என்று கூறுவது உடற்கூற்றியல். அவை எவ்வாறு தொழிற்படுகின்றன என்று ஆராய்வது உடலியங்கியல். உறுப்பைக் கண்ணாற் காணலாம். அதன் தொழிலையோ ஆராய்ந்தே உணர்தல் வேண்டும். இதனை விளக்கக் குருதியோட்டத்தின் வரலாறு ஒன்றே சாலும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் புகழ்பெற்று விளங்கிய மருத்துவர் கேலன் ஆவார். தமனிகளில் இருப்பது காற்றன்று, குருதியே என மெய்ப்பித்தவர் அவர். எனினும், உணவு கல்லீரலிற் குருதியாக மாறி, உடலெங்கும் பரவிச் செலவழிந்துவிடும் எனவும் அவர் கற்பித்தார். அவருடைய பெரும்புகழால் அப்பிழையும் பல நூற்றாண்டுகள் நிலைபெற்றது.

இங்கிலாந்தில் 1578இல் பிறந்த வில்லியம் ஹார்வி, இத்தாலியிலுள்ள பதுவா பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்றார். அங்கு அவருடைய ஆசிரியர் பப்ரிசியஸ், சிரைகளினுள் சிறு வால்வுகள் இருத்தலை விளக்கிக் காட்டினார். ஆயினும், அவற்றின் உண்மைத் தொழிலை அவர் உணர்ந்தாரல்லர். அவை குருதியை இதயத்தை நோக்கியே செல்லவிடும் வாயில்கள் என்பதை ஹார்வி கண்டறிந்தார். கையைக் கட்டிப் புடைத்தெழுந்த சிரையை விரலால் அழுத்தி, குருதி ஒரு திசையிலேயே செல்வதைக் காட்டினார்.

அவர் கணக்கும் இட்டுப் பார்த்தார். இதயம் ஒரு துடிப்பிற்கு மிகச் சிறிதளவு குருதியையே வெளியேற்றுவதாகக் கொண்டாலும், அரைமணி நேரத்தில் அது உடலிலுள்ள குருதி முழுவதையும் விஞ்சிவிடும். வளர்ந்த மனிதனின் இதயம் ஓய்வுநிலையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர், அஃதாவது மணிக்கு 300 லிட்டர், குருதியைச் செலுத்துகின்றது என்பர் இக்கால அறிஞர். இத்துணைக் குருதியை உணவு நாள்தோறும் புதிதாக ஆக்குதல் இயலுமோ? இயலாது. ஆகவே, அதே குருதிதான் மீண்டும் மீண்டும் சுற்றி வருதல் வேண்டும் என்று ஹார்வி துணிந்து, 1628இல் நூலாக வெளியிட்டார்.

பாரிசு நகர மருத்துவர் ரியோலான் முதலியோர் அதனை மறுத்தனர். ஹார்விக்கும் ஒரு குறை இருந்தது. தமனியிலிருந்து சிரைக்குக் குருதி செல்லும் வழியை அவர் கண்ணாற் கண்டாரல்லர். அவர் 1657இல் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலிய அறிஞர் மால்பிகி நுண்ணோக்கியின் வழியே தவளையின் நுரையீரலை நோக்கினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் மயிரினும் நுண்ணிய குழாய்கள் அங்கே தோன்றின. ஹார்வி கருத்தாற் கண்ட வழி, கண்ணுக்கும் புலனாயிற்று.

அன்று வேரூன்றிய இவ்வியல் இன்று பல கிளைகளாகத் தழைத்துள்ளது. நரம்பு, சுவாசம், செரிமானம், சுரப்பிகள் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராயும் பிரிவுகள் உள்ளன. விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும், உயிரின் அலகாகிய செல்லுக்குங்கூடத் தனித்தனி உடலியங்கியல் உண்டு. நோயுற்ற உடலின் மாறுபட்ட இயக்கத்தை ஆராயும் பிரிவு மருத்துவத்திற்குப் பெருந்துணையாகும்.

கேலனை ஹார்வி இகழ்ந்தாரல்லர்; அவர் நூல்களை நன்கு கற்றே, அவர் கூற்றையும் சோதித்தார். முன்னோரை மதித்தல் வேறு. அவர் மொழிந்ததை ஆராயாது ஏற்றல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தோராலேயே அறிவு வளர்கின்றது.