பழைய இரும்புக்குப் போகும் வரலாறு: கணினிச் சில்லுகளைச் சட்டமிட்டுப் பாதுகாத்தல்

பழுதடைந்த கணினி ஒன்று வீட்டு மூலையில் கிடந்தால், பழைய இரும்பு வாங்க வருபவரிடம் நிறுத்துக் கொடுத்துவிடுவதே நம்மில் பலரின் வழக்கம். அதற்குள் இருக்கும் சில்லுகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவற்றைத் தேடியெடுத்து, ஆண்டுவாரியாக அடுக்கி, கண்ணாடிச் சட்டகத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டுபவர்களும் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். முத்திரையும் நாணயமும் சேர்ப்பதைப் போன்ற பொழுதுபோக்காக இது தோன்றலாம். ஆனால், ஒரு சில்லு எங்கே, எப்போது செய்யப்பட்டது என்பது பெரும்பாலும் அதன் மேற்பரப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவருக்கு அது ஓர் ஆவணம்.

22 ஆண்டுகள், ஒரே வரிசையில்

இத்தகைய சட்டகங்களில் முதலிடம் பெரும்பாலும் இன்டெல் 4004 சில்லுக்குத்தான். பிசிகொம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கணக்கிடும் கருவிக்காக உருவாக்கப்பட்டு, 1971 நவம்பரில் பொதுச் சந்தைக்கு அறிவிக்கப்பட்ட அந்தச் சில்லில் ஏறத்தாழ 2,300 ட்ரான்சிஸ்டர்கள் இருந்தன. அதை வடிவமைத்த ஃபெடரிகோ ஃபாஜின் தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளையும் சில்லின் ஓரத்தில் பொறித்து வைத்தார்.

அதன் பின்னர் 1978இல் வந்த 8086 சில்லில் 29,000, 1982இன் 286இல் 134,000, 1985இன் 386இல் 275,000, 1989இன் 486இல் 12 இலட்சம், 1993இன் பென்ரியத்தில் 31 இலட்சம் என ட்ரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை பெருகியது. இந்த ஆறு சில்லுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பாடப்புத்தகம் பல பக்கங்களில் சொல்வதைக் கண் ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ளும். ஆரம்பகால 4004 இன்று சேகரிப்பாளர்களிடையே அதிக விலைக்குப் போகிறது. 386, 486, பென்ரியம் போன்றவற்றைப் பழைய கணினிகளுக்குள் இன்னும் தேடிப் பார்க்கலாம்.

போரும் தடையும் பதித்த அடையாளங்கள்

பழைய சில்லுகள் பலவற்றில் நான்கு இலக்கங்கள் கொண்ட ஓர் எண் இருக்கும். 8432 என்றால், அது 1984ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அதனருகே நாட்டின் பெயரும் இருக்கலாம். மலேசியா, பிலிப்பைன்ஸ் என்ற பெயர்களை அடிக்கடி காணலாம். அமெரிக்க நிறுவனங்கள் குறைந்த கூலியைத் தேடி அந்நாடுகளுக்குப் போயிருந்தன. அங்கே நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து, தலைமயிரைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தவர்களில் பெரும்பாலானோர் இளம் பெண்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தச் சில்லிலும் இல்லை.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சில சில்லுகளில் எல் சல்வடோர் என்ற பெயர் அச்சிடப்பட்டிருக்கும். 1992 வரை நீடித்து, ஏறத்தாழ 75,000 பேரைப் பலிகொண்ட உள்நாட்டுப் போர் நடந்த மத்திய அமெரிக்க நாடு அது. போர் தொடங்கிய பிறகும் சில ஆண்டுகள் இயங்கிய அந்தத் தொழிற்சாலை 1980களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. 1980களின் திகதி எண்ணோடு அந்நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு சில்லு, போருக்கு நடுவிலும் யாரோ ஒருவர் காலையில் வேலைக்குப் போனார் என்பதற்குச் சான்று.

தடைகளும் தம் அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கின்றன. பனிப்போர்க் காலத்தில், சோவியத் அணி நாடுகளுக்கு உயர் தொழில்நுட்பம் போய்ச்சேராமல் மேற்கு நாடுகள் தடுத்தன. சோவியத் பொறியியலாளர்கள் இன்டெல் 8080 சில்லைப் பார்த்துத் தாங்களே அதைப்போல ஒன்றைச் செய்தார்கள். மேற்கத்தைய சில்லின் கால்களுக்கிடையிலான தூரம் அங்குலக் கணக்கின்படி 2.54 மில்லிமீற்றர். சோவியத் சில்லில் அது சரியாக 2.5 மில்லிமீற்றர். 40 கால்கள் கொண்ட இரண்டு சில்லுகளையும் அருகருகே வைத்தால், கால் வரிசையின் நீளத்தில் கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீற்றர் வித்தியாசம் தெரியும்.

பற்றரிக்குத் தடை இருந்த 1990களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வடபகுதி மக்களுக்கு இந்த முக்கால் மில்லிமீற்றரை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிடைக்காத ஒன்றுக்கு மாற்று வழி தேடியவர்களின் கைவேலை அது.

தங்கத்துக்காக அழியும் சில்லுகள்

பழைய பீங்கான் சில்லுகள் பலவற்றின் மூடியிலும் கால்களிலும் தங்க முலாம் பூசப்பட்டிருக்கும். அதனால் அவற்றைக் கிலோக் கணக்கில் வாங்கி அமிலத்தில் கரைக்கிறார்கள். கிடைப்பது மிகச் சிறிதளவு தங்கம். பாதுகாப்பில்லாமல் செய்தால் அமிலப் புகை நுரையீரலைக் கெடுக்கும், கழிவு நீரோடும் மண்ணோடும் கலக்கும். வீட்டில் இதை முயன்று பார்க்கவே கூடாது. கரைந்த சில்லில் இருந்த திகதியும் ஊரும் திரும்பி வரப்போவதில்லை.

சட்டகம் அமைப்பது எப்படி?

இயங்கும் கணினியைச் சில்லுக்காக உடைக்க வேண்டாம். இறந்துபோன கணினியிலிருந்து மட்டும் எடுங்கள். கழற்றுவதற்கு முன், சில்லு இருந்த இடத்தோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். பழைய ஈயப்பற்றில் ஈயம் இருப்பதால் வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

சாதாரணப் படச் சட்டகம் போதாது. கண்ணாடி சில்லைத் தொடாதபடி ஓர் அங்குலமாவது ஆழம் வேண்டும். சில்லுகளைப் பசையால் ஒட்டினால் பின்னர் சேதமில்லாமல் எடுப்பது கடினம். தடித்த மட்டையில் சிறு துளைகளிட்டு, மெல்லிய தங்கூசி நூலால் கட்டுவதே நல்லது. சில்லுகளோடு வரும் கறுப்பு நிறப் பஞ்சில் அவற்றை நீண்டகாலம் விட்டுவைக்காதீர்கள். அந்தப் பஞ்சு காலப்போக்கில் இளகிப் பிசுபிசுத்து, கால்களை அரித்துவிடும்.

சில நினைவகச் சில்லுகளின் நடுவில் சிறிய வட்டக் கண்ணாடி இருக்கும். புறஊதாக் கதிரைச் செலுத்தி உள்ளிருக்கும் பதிவை அழிப்பதற்கான வழி அது. அந்தச் சில்லை வெயிலில் நெடுநாள் வைத்தால் பதிவு தானாகவே அழிந்துபோகலாம். பதிவைக் காக்க விரும்பினால் கண்ணாடியை மூடியபடியே வையுங்கள். அழகுக்காகத் திறந்து வைக்க விரும்பினால் வெயில் படாத சுவரைத் தேர்ந்தெடுங்கள். எமது கரையோர ஊர்களில் உப்புக் காற்று உலோகத்தை விரைவாக அரிக்கும் என்பதால், சட்டகத்தின் பின்புறத்தை நன்றாக மூடி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதி ஒன்றை உள்ளே வைப்பது உதவும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பின்புறத்தில் ஒட்டும் குறிப்பு. சில்லின் பெயர், ஆண்டு, வாரம், நாடு ஆகியவற்றோடு அது எந்தக் கணினியில் இருந்தது, அந்தக் கணினியை யார், எதற்காகப் பாவித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பென்சிலால் எழுதினால் மங்காது. திகதியும் நாடும் சில்லிலேயே இருக்கின்றன. முதன்முதலில் அந்தக் கணினியில் தட்டச்சுப் பழகியவர் யார், அது எந்தக் கடையின் கணக்கை எழுதியது, எந்த இடப்பெயர்வில் ஊர் மாறியது என்பதெல்லாம் இன்று இருப்பவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. இடம்பெயர்ந்தபோது குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் இழந்தவர்களுக்கு, எழுதி வைக்காத பொருளின் கதி என்னவென்று தெரியும். வீட்டில் பழைய கணினி இருந்தால், அதை நிறுத்துக் கொடுப்பதற்கு முன் அதைப் பாவித்தவரிடம் ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.